சிமுலேஷன் வைத்துப் பொறியியல் படிப்பது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர், தொழினுட்பக் கல்லூரிப் பயிலுநர், அவர்களுக்குப் படிப்பிப்பவர், பம்பி பூட்டுகிறவர், படகுக்கு வயர் இழுக்கிறவர் என்று பலர் நகரத்திலும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கங்களிலும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகள் கேட்டவர் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன. கணக்கு வருகிற இடத்தில் கல்குலேட்டரை எடுத்து நீங்களும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

சேர், சிமுலேஷன் எண்டா யூடியூப்ல வாற அனிமேஷன் மாதிரித்தானே?

இல்லை. அனிமேஷனில் என்ன நடக்கும் என்று ஒருவர் முன்கூட்டியே வரைந்து வைத்திருக்கிறார். நீங்கள் தடையை மாற்ற முடியாது. மாற்ற முடிந்தாலும் அது வரைந்ததைத்தான் காட்டும். சிமுலேஷனுக்குள் சமன்பாடு ஓடுகிறது. 10 ஓமை 20 ஓம் ஆக்கினால் அந்த இடத்திலேயே மறுபடி கணக்குப் போட்டு, புது ஓட்டத்தைக் காட்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரிந்துகொள்ள வேண்டும். சமன்பாட்டில் எழுதாத எதுவும் திரையில் நடக்காது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

எதில தொடங்கிறது? எல்லாத்துக்கும் காசு கட்ட வேணுமா?

தொடங்குவதற்கு ஒரு சதமும் வேண்டாம். அடிப்படைக்கு ஃபெட். பௌதிகவியலில் 2001 நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன், 2002 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. மின்சுற்று, விசை, அலை, பாய்மம் எல்லாம் உண்டு. அடுத்த படிக்கு ஃபால்ஸ்டாட் சுற்று சிமுலேட்டர்: ஓட்டம் வயரில் புள்ளி புள்ளியாக ஓடுவதையும் கொள்ளளவி நிரம்புவதையும் கண்ணால் பார்க்கலாம். வேலைத்தரச் சுற்றுகளுக்கு எல்டிஸ்பைஸ், அதுவும் இலவசம். நிரல் எழுதி ஓட்டும் சிறு மின்பலகையான ஆர்டுயினோவுக்கு டிங்கர்காட் அல்லது வொக்வி. நீர்க்குழாய்க்கு ஈபாநெட், அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் இலவசமாகக் கொடுக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே கிழமையில் இறக்கி வைக்காதீர்கள். ஒன்றை எடுத்து, கையால் விடை காணத் தெரிந்த ஐந்து கணக்குகளை அதில் செய்து பார்த்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

எங்கட பக்கம் நெட் விட்டு விட்டு வரும். லேப்டொப்பும் இல்லை. போனில ஏலுமா?

ஏலும். ஃபெட்டின் புதிய சிமுலேஷன்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பு. நெட் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கினால் பிறகு டேட்டா வேண்டாம். வட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பலாம், பென் டிரைவில் கொடுக்கலாம்.

போனில் அடிக்கடி நடக்கும் சிக்கல்: கோப்பைத் தட்டினால் வெறும் வெள்ளைத் திரை வரும். கோப்பில் பிழை இல்லை. போன் தன்னிடமுள்ள சாதாரண வாசிப்பானில் திறந்திருக்கும், அது உள்ளே இருக்கும் நிரலை ஓட்டாது. கோப்பை அழுத்திப் பிடித்து, எதில் திறப்பது என்று கேட்கும்போது குரோமைத் தெரிவு செய்யுங்கள். டிங்கர்காட்டுக்கும் வொக்விக்கும் நெட் கட்டாயம் வேண்டும். எல்டிஸ்பைஸுக்கும் ஈபாநெட்டுக்கும் கணினி வேண்டும், பழையதே போதும்.

தமிழில போட்டால் சொல்லெல்லாம் வேற மாதிரி வருதே, மிஸ்?

மொழிபெயர்ப்புகளில் இந்தியப் பாடநூல் சொற்கள் வருவதுண்டு. நம் தடையி அங்கே மின்தடையாக்கி, கொள்ளளவி அங்கே மின்தேக்கி, நிலைமாற்றி அங்கே மின்மாற்றி, மீடிறன் அங்கே அதிர்வெண், ஆர்முடுகல் அங்கே முடுக்கம், சடத்துவம் அங்கே நிலைமம். இந்த ஆறையும் சுவரில் ஒட்டி வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். பரீட்சையில் நம் பாடநூல் சொல்லையே எழுதுங்கள்.

பிள்ளைகள் ஸ்லைடரை இழுத்து விளையாடிப்போட்டு எழும்பிப் போகுதுகள். ஒண்டும் ஏறினமாதிரித் தெரியேல்ல. என்ன செய்யிறது?

ஓட்டுவதற்கு முன் எழுத வையுங்கள். பென்சிலால் வேண்டாம், பேனாவால், அழிக்கக் கூடாது. என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று இரண்டு வரி. அதன் பிறகுதான் ஓட்ட வேண்டும். சிமுலேஷனில் படிப்பு நடப்பது எழுதியதும் திரையும் ஒத்துப்போகாத அந்த நிமிடத்தில். எழுதாதவருக்கு அந்த நிமிடமே கிடையாது. என்ன வந்தாலும் "அதுதானே நான் நினைச்சன்" என்று போய்விடுவார்.

ஒரு நல்ல உதாரணம். 9 வோல்ற்று மின்கலவடுக்கு, 10 ஓம் பல்பு இரண்டு தொடராக. இனி இரண்டாவது பல்புக்குச் சமாந்தரமாக மூன்றாவது 10 ஓம் பல்பை இணைக்கப் போகிறோம். முதல் பல்பு என்னவாகும்? "கரண்ட் முதலில் அதுக்குத்தானே வருது, அதுக்கு ஒண்டும் ஆகாது" என்று நிறையப் பேர் எழுதுவார்கள். ஓட்டினால் முதல் பல்பு பளிச்சென்று கூடும், இரண்டாவது மங்கும். மொத்தத் தடை 20 ஓமிலிருந்து 15 ஓமாக இறங்க, ஓட்டம் 0.45 இலிருந்து 0.6 அம்பியருக்கு ஏறுகிறது. முதல் பல்பின் வலு 2 வாற்றிலிருந்து 3.6 வாற்று; இரண்டாவது 0.9 வாற்றுக்கு விழுகிறது. சுற்று முழுவதும் ஒன்றாக அசைகிறது என்பது இங்கேதான் மண்டையில் ஏறும்.

40 நிமிடப் பாடம் என்றால் இப்படி இரண்டு கேள்வி போதும். பத்துக் கேள்வித் தாள் கொடுத்தால் எண்ணைப் பார்த்து நிரப்பிவிட்டுப் போவார்கள். கட்டுப்பாடுகள் அதிகமுள்ள சிமுலேஷனில் முதல் ஐந்து நிமிடம் சும்மா விளையாட விட்டுவிடுங்கள். அதைத் தடுத்தால் பாடம் முழுக்க ஒளித்து விளையாடுவார்கள்.

நேரா லாப்ல சாமானை வைச்சுச் செய்தால் போதாதா? எது முதல்?

இரண்டும் வேண்டும். கருத்துக்குச் சிமுலேஷன் முதலில், கைக்குச் சாமான் பிறகு. தளர்ந்த வயர், செத்த மின்கலம், பிழையான துளையில் செருகிய மீட்டர் ஊசி இவற்றோடு மல்லுக்கட்டும்போது ஓமின் விதி யாருக்கும் விளங்காது. கொலராடோவில் 2005 இல் வெளியான ஆய்வொன்றில், சாமானுக்குப் பதிலாகச் சுற்று சிமுலேஷனில் படித்த மாணவர்கள் கருத்துக் கேள்விகளில் மட்டுமல்ல, பிறகு உண்மையான சுற்றைக் கட்டி விளக்குவதிலும் முன்னே நின்றார்கள்.

அதற்காக லாப்பைப் பூட்டிவிடக் கூடாது. பற்றாசு பிடிப்பதும், வயர் சீவுவதும், மணத்தை வைத்தே எது எரிகிறது என்று சொல்வதும் திரையில் வராது.

சிமுலேஷனில பல்பு 120 வாற்று காட்டுது. படகில பூட்டினால் மங்கலா எரியுது. எதை நம்ப?

இரண்டையும் நம்புங்கள், இரண்டும் வெவ்வேறு சுற்றுகள். சிமுலேஷனில் நீங்கள் வரைந்தது 12 வோல்ற்று பற்றரி, 1.2 ஓம் விளக்கு, தடையே இல்லாத வயர். 12 இன் வர்க்கத்தை 1.2 ஆல் வகுத்தால் 120 வாற்று, சரிதான்.

படகில் பற்றரியிலிருந்து விளக்குக்கு 5 மீற்றர் தூரம். ஓட்டம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே 10 மீற்றர் வயர். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரென்றால் 0.0172 × 10 ÷ 1.5 = 0.115 ஓம் (0.0172 என்பது செப்பின் தடைத்திறன்). இதை ஒரு தடையியாக வரைந்து திரும்ப ஓட்டுங்கள். ஓட்டம் 9.1 அம்பியர், விளக்குக்கு 100 வாற்று. இனி உப்புக்காற்றில் பச்சை பூத்த பற்றரி முனைக்கு 0.2 ஓம் சேருங்கள். ஓட்டம் 7.9 அம்பியர், விளக்குக்கு 75 வாற்றுதான். அந்த முனையில் மட்டும் 12 வாற்றுக்கு மேல் சூடாக வீணாகிறது, தொட்டால் கை சொல்லும்.

இப்போது சிமுலேஷன் உண்மையிலேயே உதவுகிறது. வயரைத் தடிப்பாக்கவா, முனையைச் சுரண்டவா, எதில் பலன் அதிகம்? வயரை 4 சதுர மில்லிமீற்றருக்கு மாற்றினாலும் முனை அப்படியே இருந்தால் 83 வாற்றைத்தான் தொடும். முனையை மட்டும் சுரண்டினால் 100 வாற்று. வயர் ரோலுக்குக் காசு கொடுக்க முன் உப்புத்தாள் துண்டொன்றை எடுங்கள். மீட்டரில் உறுதிப்படுத்துவதும் சுலபம்: விளக்கு எரியும்போதே ஒரு ஊசியைப் பற்றரியின் ஈயக் குமிழிலும் மற்றதைக் கிளாம்பிலும் வையுங்கள். நல்ல முனையில் சில பத்து மில்லிவோல்ற்றுக்கு மேல் வராது, இதில் 1.6 வோல்ற்று வரும்.

கொள்ளளவி 9 வோல்ற்று வரை நிரம்ப வேணும். எங்கட மீட்டர் 7.9க்கு மேல ஏறுதில்லை. பழைய கொள்ளளவியா?

1 மெகாஓமும் 10 மைக்ரோபரட்டும் வைத்திருப்பீர்கள். இரண்டையும் பெருக்கினால் வரும் நேர மாறிலி 10 செக்கன், கணக்கும் சரி. பிரச்சினை மீட்டர். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். அதைக் கொள்ளளவிக்குக் குறுக்கே பிடித்ததும் 1 மெகாஓமும் 10 மெகாஓமும் சேர்ந்து வோல்ற்றளவைப் பங்கிடுகின்றன: 9 × 10 ÷ 11 = 8.18. மீதி 0.28 வோல்ற்று, மின்பகு கொள்ளளவியின் கசிவு. 0.3 மைக்ரோஅம்பியர் கசிந்தாலே போதும். சிமுலேஷனின் வோல்ற்றுமானிக்கு எல்லையற்ற தடை, கொள்ளளவிக்குக் கசிவே இல்லை. அதனால் அங்கே 9.

சுற்றில் 10 மெகாஓம் தடையி ஒன்றைக் கொள்ளளவிக்குக் குறுக்கே வரைந்து ஓட்டிப் பாருங்கள், 8.18 வரும். லாப்பில் அதே 10 செக்கன் வேண்டுமானால் 10 கிலோஓமும் 1000 மைக்ரோபரட்டும் எடுங்கள். மீட்டரால் வரும் பிழை 0.1 சதவீதமாகச் சுருங்கும்.

எக்ஸலில நானே சுருள்வில் சிமுலேஷன் செய்தன். ஆட ஆட வீச்சம் பெருத்துக்கொண்டே போகுது. சமன்பாடு பிழையா?

சமன்பாடு சரி, படி போடும் ஒழுங்குதான் பிழை. 1 கிலோகிராம் திணிவு, மீற்றருக்கு 100 நியூட்டன் வில், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு 0.01 செக்கன் படி என்று வைப்போம். ஒவ்வொரு வரியிலும் பழைய இடத்திலிருந்து ஆர்முடுகல், பழைய வேகத்திலிருந்து புது இடம், பழைய ஆர்முடுகலிலிருந்து புது வேகம் என்று போட்டிருப்பீர்கள். இப்படிச் செய்தால் ஒரு அலைவுக்கு, அதாவது 0.63 செக்கனுக்கு, வீச்சம் ஏறக்குறைய 37 சதவீதம் கூடும். பத்து அலைவில் இருபது மடங்கு தாண்டும். இல்லாத சக்தியைக் கணக்கே உண்டாக்குகிறது.

படியை 0.001 செக்கன் ஆக்கினால் அலைவுக்கு 3 சதவீதமாகக் குறையும், ஆனால் நிற்காது. நல்ல மருந்து ஒரே ஒரு கலத்தில் இருக்கிறது: முதலில் புது வேகத்தைக் காணுங்கள், பிறகு இடத்தை நகர்த்தும்போது பழைய வேகத்துக்குப் பதிலாக அந்தப் புது வேகத்தை எடுங்கள். வீச்சம் நிலைத்து நிற்கும். அப்போதும் படி 0.2 செக்கனைத் தாண்டினால் இந்த வில்லுக்குக் கணக்கு வெடித்துப் போகும். விரைவாக ஆடுகிற பொருளுக்குச் சிறிய படி வேண்டும்.

ஆயத்த மென்பொருளை ஓட்டுவதை விட இந்த ஒரு எக்ஸல் தாளில் படிப்பது அதிகம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கிணத்தில இருந்து டாங்கிக்கு ஈபாநெட்டில போட்டுப் பார்த்தன். உராய்வே இல்லை எண்டு வருது. உண்மையில தண்ணி நூல் மாதிரி வருது.

அலகைப் பாருங்கள். ஈபாநெட் திறக்கும்போது பாய்ச்சலின் அலகு நிமிடத்துக்குக் கலனாக இருக்கும். அதை மாற்றாமல் விட்டால் நீளம் அடியிலும் விட்டம் அங்குலத்திலும் எடுக்கப்படும். உங்கள் 20 மில்லிமீற்றர் குழாய் 20 அங்குலக் குழாயாகிவிடும். அதில் உராய்வு எங்கே வரும்? செக்கனுக்கு லீற்றர் என்று மாற்றினால் நீளம் மீற்றருக்கும் விட்டம் மில்லிமீற்றருக்கும் தானாக மாறும். குழாயெல்லாம் வரைந்த பிறகு மாற்றினால் எண்கள் அப்படியே நிற்கும், ஆகவே இதை முதலிலேயே செய்யுங்கள்.

அடுத்தது விட்டம். மில்லிமீற்றரில் விற்கும் பிவிசி குழாயில் அச்சிட்டிருப்பது வெளிவிட்டம். வேர்ணியரால் உள்விட்டத்தை அளந்து போடுங்கள். நிமிடத்துக்கு 40 லீற்றர், 30 மீற்றர் நீளம்: உள்விட்டம் 20 மில்லிமீற்றரானால் உராய்வு இழப்பு ஏறக்குறைய 7.4 மீற்றர். அதே குழாய்க்கு வெளிவிட்டம் 25 ஐப் போட்டால் 2.5 மீற்றர் என்று மூன்றிலொன்றாகக் காட்டும். உள்விட்டம் 26 ஆன குழாய் வாங்கினால் உண்மையிலேயே 2.1 மீற்றருக்கு இறங்கும். இழப்பு விட்டத்தின் கிட்டத்தட்ட ஐந்தாம் அடுக்குக்கு நேர்மாறாகப் போவதால்தான் இந்த விளையாட்டு.

பம்பிக்கு ஒரே ஒரு புள்ளி கொடுத்தால் மீதி வளைகோட்டை ஈபாநெட் தானே ஊகிக்கும்: பாய்ச்சல் பூச்சியத்தில் தலை (பம்பி தூக்கும் உயரம்) 133 சதவீதம், தலை பூச்சியத்தில் பாய்ச்சல் இரண்டு மடங்கு. பெயர்த்தகட்டில் மூன்று புள்ளி கிடைத்தால் மூன்றையும் கொடுங்கள். முழங்கை, வால்வு இழப்புகளையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நிலாவெளிப் பக்கத்து மணற்கிணற்றில் இறைக்க இறைக்க உவர் ஏறுமா என்பதை இது சொல்லாது. அது வேறு மாதிரியுரு.

பிராக்கெட்டுக்குத் தகைப்பு பார்க்கிறம். வலையைச் சின்னதாக்கச் சின்னதாக்கத் தகைப்பு ஏறிக்கொண்டே போகுது. எந்த எண்ணை எடுக்கிறது?

வலை என்பது கணக்குக்காகப் பொருளைப் பிரிக்கும் சிறு துண்டுகள். தகைப்பு ஏறிக்கொண்டே போகும் அந்த மூலையிலிருந்து எந்த எண்ணையும் எடுக்காதீர்கள். உள்நோக்கிய கூர்மூலையை அப்படியே வரைந்திருக்கிறீர்கள். மீள்தன்மைக் கணக்கின்படி அங்கே தகைப்பு முடிவிலி. 90 பாகை உள்மூலையில் வலையைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் எண் சுமார் 1.37 மடங்கு ஏறும்: 100, 137, 188 என்று. அது எங்கும் நிற்காது.

உண்மையான பிராக்கெட்டில் அந்த இடத்தில் ஒட்டுத் தையலோ சிறு வளைவோ இருக்கும். அதை அளந்து 3 மில்லிமீற்றர் ஆரை என்றால் 3 என்றே வரையுங்கள். இனி வலையைச் சிறிதாக்கினால் எண் ஒரு இடத்தில் வந்து நிற்கும். இரண்டு அடுத்தடுத்த வலைகளுக்கு இடையில் 5 சதவீதத்துக்குள் வந்தால் எடுக்கலாம். முன்னே சொன்ன எக்ஸல் படியும் இதுவும் ஒரே சோதனைதான்: பாதியாக்கிப் பார், விடை அசைந்தால் நம்பாதே.

நாடு முழுக்கக் கரண்ட் போன அண்டைக்கு, சோலர் கூடினதால எண்டு சொன்னவை. அதைக் காட்டேலுமா?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பழுது தொடங்கியது பாணந்துறை உப மின்நிலையத்தில். சூரிய மின்சாரம் பழுதை உண்டாக்கவில்லை. பழுது வந்தபோது தாங்குகிற சக்தி ஏன் குறைந்திருந்தது என்பதை மட்டும் ஒரு சின்னச் சிமுலேஷனில் காட்டலாம்.

சுழலும் பெரிய இயந்திரங்களின் சடத்துவம்தான் முதல் சில செக்கன்களுக்கு மீடிறனைப் பிடித்து வைக்கிறது. கூரைச் சோலரில் சுழல்வது எதுவும் இல்லை. உற்பத்தியில் 10 சதவீதம் திடீரென்று போய்விட்டது என்று வையுங்கள். சடத்துவ மாறிலி (சுழற்சியில் தேங்கிய சக்தி மட்டும் முழு வலுவையும் எத்தனை செக்கன் கொடுக்கும் என்பது) 4 செக்கன் என்றால் மீடிறன் விழும் வேகம் 0.1 × 50 ÷ (2 × 4), அதாவது செக்கனுக்கு 0.625 ஹேர்ட்ஸ், 50 இலிருந்து 49 க்கு 1.6 செக்கன். மாறிலி 2 ஆகக் குறைந்தால் 0.8 செக்கன்தான். நீராவி, நீர் வால்வுகள் திறந்து உதவிக்கு வரச் சில செக்கன் எடுக்கும். மேலே சொன்ன எக்ஸல் தாளிலேயே இதை ஓட்டலாம். எண்கள் விளக்கத்துக்கானவை, அன்றைய பதிவுகள் அல்ல.

பரீட்சையில சிமுலேஷன் கேக்கிறேல்லையே, பிறகேன் மினக்கெடுவான்?

மென்பொருளைக் கேட்பதில்லை, வரைபைக் கேட்கிறார்கள். கொள்ளளவி ஏறும் வளைகோட்டை இருபது தடவை மாற்றிப் பார்த்தவர் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

230 வோல்ற்றையும் சிமுலேஷனில செய்து பார்த்திட்டன். இனி வீட்டு லைன்ல கை வைக்கலாமா, அண்ணே?

வேண்டாம் தம்பி. உங்கள் சிமுலேஷனில் மனிதன் இல்லை. வேண்டுமானால் ஒருவரைப் போடுங்கள்: உயிர்வயரிலிருந்து புவிக்கு 1500 ஓம் தடையி. 230 ÷ 1500, ஏறக்குறைய 153 மில்லிஅம்பியர். உயிரைக் குடிக்க அது போதும். ஆனால் 6 அம்பியர் பிரேக்கருக்கு அது இருப்பதே தெரியாது. அதைப் பார்த்து விழக்கூடியது 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் மட்டும்.

வீட்டுப் பெட்டியைத் திறக்காமலே அதன் சோதனைப் பொத்தானை இன்றைக்கு ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் உரிமம் உள்ள மின்னிணைப்பாளரைக் கூப்பிடுங்கள்.